பேய் வராத கேஜ்

ஏற்றிவிட வந்த தங்கை மகன், கண்ணை மூடித் திறப்பதற்குள் கும்மிடிப்பூண்டி வந்துவிடும் என்று சொல்லியிருந்தான். நான் பலமுறை மூடித் திறந்தேன். எங்கள் புறநகர் ரயில் எண்ணூரைத் தாண்டி, சாம்பல் நிறக் கழிமுகம் ஒன்றின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது. நிலக்கரி ஏற்றிய சரக்கு ரயில் ஒன்று எங்களை முந்திப் போனது. பிறகு இன்னொன்று. மனிதர்களைவிட நிலக்கரிக்கு அவசரம் போலும்.

நான் இப்போது நார்வே நாட்டில், பெர்கன் நகரில், மகள் வீட்டில் இருக்கிறேன். அங்கே ரயில் தாமதமானால் மன்னிப்புக் கேட்டு அறிவிப்பு வரும். இங்கே அறிவிப்பு இல்லை. அதை யாரும் எதிர்பார்த்ததாகவும் தெரியவில்லை. எதிர் இருக்கையில் இருந்த இரண்டு பெண்கள் தெலுங்கில் என்னைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள். எனக்குத் தெலுங்கு புரியும் என்பது அவர்களுக்குத் தெரியாது.

"இந்த வெயிலில் கம்பளிக் காலுறை போட்டிருக்கிறார். சர்க்கரை வியாதியாக இருக்கும்" என்றார் ஒருவர்.

"இல்லை, வெளிநாட்டிலிருந்து வந்தவர். அவர்களுக்கு எங்கே போனாலும் குளிரும்" என்றார் மற்றவர்.

இரண்டும் உண்மைதான். காலுறையைக் கழற்றலாம் என்றால் குனிய இடமில்லை.

எண்பதை நெருங்கும் ஒருவன் வெயில் காலத்தில் இப்படி வந்து மாட்டிக்கொண்டதற்குக் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் சென்னையில் இயற்பியல் பேராசிரியராக இருந்தவன். குவாண்டம் புலக் கோட்பாடு என் துறை. என் பழைய மாணவர்கள் சேர்ந்து என் ஆய்வுக் கட்டுரைகளை ஒரு தொகுப்பாகக் கொண்டுவருகிறார்கள். அதில் ஒரு கட்டுரை தவறானது. அதை அப்போதே தவறு என்று சொன்னவர் எஸ்தர் என்ற என் மாணவி. முனைவர் பட்டம் வாங்காமல் பாதியில் ஊருக்குப் போய்விட்டவர். அந்தக் கட்டுரையின் கீழே ஒரு திருத்தக் குறிப்புப் போட்டு, அதில் அவர் பெயரைச் சேர்க்க விரும்பினேன். சம்பந்தப்பட்டவரின் சம்மதக் கையெழுத்து இல்லாமல் பெயரை அச்சிட முடியாது என்று தொகுப்பாசிரியர் சொல்லிவிட்டார். பழைய பதிவேட்டில் இருந்த ஊர் முகவரிக்கு எஸ்தருக்கு இரண்டு கடிதம் போட்டேன். பதில் இல்லை. அவர் கையெழுத்துப் போடாவிட்டால் குறிப்பில் 'ஒரு மாணவர்' என்றுதான் வரும். அது எனக்குப் போதவில்லை. அதனால் வந்தேன்.

கும்மிடிப்பூண்டியில் இறங்கியபோது காலைச் சிற்றுண்டி நேரம் கடந்திருந்தது. ஆனாலும் ரயிலடிக் கடையில் இட்லியும் வடைகறியும் கிடைத்தன. வடைகறி நன்றாக இருந்தது. பயணம் முழுக்க எனக்குக் குறை சொல்லத் தோன்றாத ஒரே பொருள் அது. இலையில் இன்னும் கொஞ்சம் ஊற்றிய கடைக்காரர், "நாஷ்டாவ லேட்டா துன்னா மத்தியானம் பசிக்காது, மிச்சம்தானே சார்" என்று ஆறுதல் சொன்னார்.

எஸ்தர் இப்போது தொழிற்பேட்டைப் பக்கம் ஒரு பெண்கள் விடுதி நடத்துகிறார் என்று மட்டும் கேள்விப்பட்டிருந்தேன். ஆலைகளில் வேலை செய்யும் பெண்கள் தங்கும் விடுதி. வழி கேட்டதும்தான் தொல்லை தொடங்கியது. ஷேர் ஆட்டோக்காரர், "ஆந்திராலேர்ந்து வந்தா லெப்ட் சார்" என்றார். நான் ஆந்திராவிலிருந்து வரவில்லையே என்றேன். "அப்ப ரைட்டு" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். டீக்கடைக்காரர் பழைய ரோலிங் மில்லிலிருந்து இரண்டாவது சந்து என்றார். அந்த மில்லை இடித்துப் பல ஆண்டுகள் ஆகின்றன என்று அடுத்த கடையில் சொன்னார்கள். ஒரு பெண்மணி மாதா கோயிலை வைத்து வழி சொன்னார். அது எந்த மாதா கோயில் என்று சொல்லவில்லை. தொடக்கப் புள்ளியை எங்கே வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம் என்று வாழ்நாள் முழுக்கப் பாடம் நடத்தியவன் நான். அன்று அதை ஆளுக்கொரு இடத்தில் வைத்தவர்களை அடிக்கக் கை பரபரத்தது.

கடைசியில் ஒரு பேருந்தில் ஏறி, விடுதி வந்ததும் சொல்லும்படி நடத்துநரிடம் கேட்டுக்கொண்டேன். கண் விழித்தபோது ஆந்திர எல்லை, எளாவூர் சோதனைச்சாவடி. கண்ணுக்கு எட்டும் தூரம் வரை லாரிகள். கம்பிக் கட்டுகளின் முனையில் சிவப்புத் துணி தொங்க, ஒன்றின் வால் இன்னொன்றின் மூக்கை இடிக்க நின்றன. பலகைகளில் பாதி தெலுங்கு. ஏன் இறக்கிவிடவில்லை என்று நடத்துநரைக் கேட்டேன்.

"தூங்கினு இருந்தியே பெருசு. எழுப்பினா கோச்சுக்குவியோன்னு உட்டுட்டேன்" என்றார், கரிசனத்தோடு.

திரும்பி வரும் ஷேர் ஆட்டோவில் என் மடியில் யாருடைய முருங்கைக்கீரைக் கட்டோ உட்கார்ந்து வந்தது. பெர்கனில் பேருந்து நிறுத்தத்தில் ஒருவருக்கொருவர் ஒரு கை தூரம் விட்டு நிற்பார்கள். அது நாகரிகம் என்று நினைத்து வந்திருக்கிறேன். ஆட்டோவில் யாரும் என்னை இடித்ததற்கு வருந்தவில்லை. கீரைக்காரம்மா மட்டும், கீரை நசுங்காமல் பார்த்துக்கொள்ளும்படி என்னிடம் சொன்னார். வெள்ளிக்கிழமை அப்படிப் போயிற்று. இரவு தங்கிய லாட்ஜில் மின்விசிறி சுற்றும்போது ஒரு வெள்ளாடு கத்துவது போன்ற சத்தம் வந்தது. மேலாளரிடம் முறையிட்டேன். "பேஜாரு பண்ணாதீங்க சார். சத்தம் வரலைன்னாதான் அது ஓடலைன்னு அர்த்தம்" என்றார்.

சனிக்கிழமை விடுதியைக் கண்டுபிடித்துவிட்டேன். இரும்புக் கிராதிக் கதவு, மூன்று மாடி, எல்லாத் தளத்திலும் காயும் துணிகள். கதவுக்கு வெளியே வாட்ச்மேன் துளுக்காணம் உட்கார்ந்திருந்தார். என்னைவிடச் சற்று இளையவர்.

"யார பாக்கணும்? உம் பொண்ணு எந்த கம்பெனி?"

விடுதியை நடத்தும் எஸ்தரைப் பார்க்க வேண்டும், நான் அவருடைய பேராசிரியர் என்றேன். அந்தச் சொல் கதவைத் திறந்துவிடும் என்று நினைத்தேன்.

"ஆம்பளைங்க ஞாயித்துக்கெழம மத்தியானம்தான். அக்கா ரூல்ஸ் போட்டா போட்டதுதான். எம்மெல்லே வந்தாலும் ஞாயித்துக்கெழமதான்."

அவரைக் கெஞ்சி உள்ளே தொலைபேசியில் பேச வைத்தேன். என் பெயரைச் சொன்னார். லைன் அறுந்துவிட்டதோ என்று துளுக்காணம் போனைத் தட்டிப் பார்த்துக்கொண்டார். பிறகு எனக்குச் செய்தி வந்தது: ஞாயிற்றுக்கிழமை.

பழிவாங்குகிறார் என்றே நினைத்தேன். அப்படி நினைப்பது ஒரு வகையில் எனக்கு வசதியாகவும் இருந்தது. ஆனால் நான் அங்கே உட்கார்ந்திருந்த நேரத்தில், தங்கையைப் பார்க்க ஆர்.கே.பேட்டையிலிருந்து வந்த ஒரு இளைஞனையும், தண்ணீர் லாரிக்காரரையும், ஒரு பாதிரியாரையும் அதே சொல்லால் துளுக்காணம் திருப்பி அனுப்பினார். எனக்கென்று தனியாக ஒரு கோபம்கூட ஒதுக்கப்படவில்லை.

லாட்ஜுக்குத் திரும்ப மனமில்லாமல் எதிரே இருந்த டீக்கடைப் பலகையில் உட்கார்ந்தேன். டீ பாயசம் மாதிரி இருந்தது. சர்க்கரை வேண்டாம் என்றதற்குக் குறைத்துப் போட்டதாகச் சொன்னார்கள். எங்கிருந்தோ வந்த இரும்புத் தூசி சட்டையில் படிந்தது. அங்கே உட்கார்ந்து குறிப்பை எடுத்து மறுபடி படித்தேன். அந்தக் கணக்கு என்ன என்பதை வாசகருக்குச் சொல்ல இதுதான் இடம்.

மலையின் உயரத்தைக் கடல்மட்டத்திலிருந்து அளக்கலாம், அடிவாரத்திலிருந்தும் அளக்கலாம். எண் மாறும். உச்சியிலிருந்து உருளும் கல் அடிவாரத்துக்கு வரும் வேகம் மாறாது. புலக் கோட்பாட்டில் இதைப் போல ஒரு சுதந்திரம் இருக்கிறது. ஆனால் இடத்துக்கு இடம், கணத்துக்குக் கணம் தனித்தனியாகத் தேர்ந்துகொள்ளும் சுதந்திரம். கணக்கைத் தொடங்கும் முன் ஏதாவது ஒரு தேர்வைச் செய்தாக வேண்டும். அதற்குக் கேஜ் தேர்வு என்று பெயர். எந்தக் கேஜை எடுத்தாலும், அளந்து பார்க்கக்கூடிய விடை ஒன்றாகத்தான் வர வேண்டும். வராவிட்டால் யாரோ தப்புச் செய்திருக்கிறார்கள்.

அணுக்கருவுக்குள் துகள்களைப் பிணைக்கும் விசையில் இந்தத் தேர்வு எளிதல்ல. சில கேஜ்களில், உண்மையில் இல்லாத துகள்கள் கணக்குக்குள் வந்துவிடும். எங்கள் துறையில் அவற்றைப் பேய்கள் என்றே சொல்வோம். அவற்றையும் விடாமல் எண்ணினால்தான், வேறு சில பொய்களோடு அடிபட்டு, கடைசியில் உண்மை மட்டும் மிஞ்சும். எஸ்தர் அந்த வழியை எடுத்தார். நீண்ட, அலுப்பான வழி. நான் பேய்களே வராத ஒரு கேஜை எடுத்தேன். பார்க்கச் சுத்தமாக இருக்கும். ஆனால் அதில் ஓரிடத்தில் பூஜ்யத்தால் வகுக்க வேண்டி வரும். அந்தப் பூஜ்யத்தை எப்படித் தாண்டுவது என்று ஒரு விதி வேண்டும். அதன் இரு பக்கமும் சமமாக எடுத்துக்கொண்டு நடுவை விட்டுவிடுவது அப்போது பலரும் கையாண்ட விதி. நானும் அதையே செய்தேன். அழுக்கு எங்கும் போய்விடவில்லை. இடம் மாறி அந்தப் பூஜ்யத்தில் ஒளிந்திருந்தது.

எங்கள் இருவர் விடையும் ஒத்துப்போகவில்லை. எஸ்தர் தன் தாள்களை எடுத்துக்கொண்டு என் அறைக்கு வந்தார். வேறு சில மாணவர்களும் இருந்தார்கள். "சார், ரெண்டும் ஒண்ணா வரணும். வரல. என்னுத மூணு தடவ போட்டுட்டேன். உங்க கணக்குலயும் தப்பு இருக்கலாம் இல்ல சார்?" என்றார். "பேயை எண்ணத் தெரியாதவங்களைப் பேய் பிடிக்கத்தான் செய்யும்" என்றேன் நான். எல்லோரும் சிரித்தார்கள். அவர் தாள்களை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அந்தக் கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போனவர் திரும்பவில்லை.

என் ஆங்கிலக் குறிப்பைத் தமிழில் சொன்னால் இதுதான்: 'இக்கட்டுரையில் பூஜ்யத்தைக் கடக்கும் விதி தொடர்பாக ஒரு பிழை நேர்ந்துள்ளது. அதைத் தொடக்கத்திலேயே சுட்டிக்காட்டிய எஸ்தர் அவர்களுக்கு என் நன்றி.' நாகரிகமான வாக்கியங்கள் என்று சனிக்கிழமை வரை நினைத்திருந்தேன்.

ஞாயிறு மத்தியானம் கிராதிக் கதவு முன் திருவிழாக் கூட்டம். அப்பாக்களும் அண்ணன்களும் முறுக்கு டப்பா, பழம், ஊறுகாய் பாட்டிலோடு வந்திருந்தார்கள். நான் கையில் ஒரு காகித உறையோடு வரிசையில் நின்றேன். முன்னால் நின்ற விவசாயி, என் பெண் எந்த ஆலையில் வேலை செய்கிறாள் என்று கேட்டார். பெண் இல்லை, விடுதி அம்மாவைப் பார்க்க வந்தேன் என்றதும் அவர் முகம் மாறியது.

"இன்னா, கம்ப்ளைண்டா?" என்று குரலைத் தாழ்த்தினார். "வாணாங்க. நல்ல மனுசி. கொஞ்சம் கத்தும், அவ்ளோதான்."

உள்ளே கீழ்த்தளக் கூடத்தில் மேசை போட்டு எஸ்தர் உட்கார்ந்திருந்தார். நரைத்த முடி, கண்ணாடி, பருத்திப் புடவை. என்னைப் பார்த்து எழுந்தார். அது மரியாதையா, மேலே யாரையோ அதட்டுவதற்கா என்று தெரியவில்லை. இரண்டாம் மாடியைப் பார்த்து, மோட்டாரை நிறுத்தும்படி சத்தம் போட்டுவிட்டு உட்கார்ந்தார்.

"எப்படி இருக்கீங்க?" என்றேன். ஒரு காலத்தில் 'நீ' என்று கூப்பிட்டவன்.

"நீன்னே சொல்லுங்க சார். மரியாத இப்ப வந்து இன்னா பண்றது."

கடிதம் கிடைத்ததா என்று கேட்டேன். கிடைத்தது, இரண்டையும் படித்தேன், ஆங்கிலம் ரொம்ப அழகாக இருந்தது என்றார். குறிப்பை நீட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்தார். படித்ததும் அவர் கேட்டது நான் எதிர்பார்த்ததல்ல.

"பூஜ்யத்த வேற மாதிரி தாண்டிப் பாத்தீங்களா?"

பார்த்தேன் என்றேன். ஒரு பக்கமாக வளைந்து தாண்டும் விதி இருக்கிறது, அதை வைத்துப் போட்டேன், பேய்களோடும் ஒரு முறை முதலிலிருந்து போட்டேன்.

"ஒண்ணா வந்துச்சா?"

"வந்தது."

பக்கத்து மேசையில் ஒரு அப்பா பெண்ணுக்குச் சாத்துக்குடி உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். எஸ்தரின் கை, இல்லாத ஏதோ ஒரு குறியீட்டை மேசைமேல் எழுதி அழித்தது.

"எப்ப தெரியும் உங்களுக்கு?"

இந்தக் கேள்விக்குப் பயந்துதான் இவ்வளவு காலம் வராமல் இருந்தேன். அவர் போன சில ஆண்டுகளிலேயே வெளிநாட்டில் சிலர் அந்த விதி பொய்க்கும் என்று காட்டிவிட்டார்கள். நூலகத்தில் அது வெளியான ஆய்விதழைப் படித்தேன். மடித்து அதே அடுக்கில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். யாரிடமும் சொல்லவில்லை. இதை அவரிடம் சொன்னேன்.

அவர் கத்தவில்லை. அந்த விவசாயி சொன்னதை நம்பி, கத்துவார் என்று காத்திருந்தேன். ரயிலும் டீயும் வெயிலும் மூன்று நாளாக என்னைத் தயார்படுத்தியிருந்தன, கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"எங்க நைனா கூலிக்கு வயல்ல அண்டை வெட்டப் போறவரு சார், வரப்பு ஓரத்த. மண்வெட்டி புடிச்ச கை. 'இன்னாடி, படிப்ப உட்டுட்டு வந்துட்ட'ன்னு கேட்டாரு. கணக்கு தப்பாப் போச்சு நைனான்னேன். வேற எப்படி சொல்றது. சாகற வரைக்கும் எம் பொண்ணு ஏதோ கணக்க தப்பா போட்டுட்டான்னுதான் சொல்லிக்கினு இருந்தாரு. தம்பி சாமுவேலு இப்பவும் அப்படித்தான் சொல்லுவான். எதனா சண்ட வந்தா, 'உனுக்குதான் கணக்கே வராதே'ன்னுவான்."

அதனால்தான் பெயரைப் போட வேண்டும் என்கிறேன் என்றேன். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினேன்.

"இந்த இங்கிலீஷ் புக்க சாமுவேலு படிப்பானா?" குறிப்பை என் பக்கம் திருப்பி வைத்தார். "'பிழை நேர்ந்துள்ளது'ன்னு போட்டுக்கீறீங்க. மழையா சார் அது, தானா வந்து பேஞ்சுட்டுப் போறதுக்கு? நான் தாள நீட்டினேன். நீங்க வாங்கல. அத்த எழுதுங்க."

ஆய்வுத் தொகுப்பில் அப்படியெல்லாம் எழுத விடமாட்டார்கள் என்றேன்.

"அப்ப உடற எடத்துல எழுதுங்க. தமிழ்ல எழுதுங்க. உங்களுக்கு சுத்தி வளச்சுதான் வரும்னு தெரியும். ரயிலு, பஸ்ஸு, நாஷ்டா எல்லாத்தையும் எழுதிக்குங்க. இத்த மட்டும் உட்டுடாதீங்க. ஏன் வாங்கலன்னும் எழுதுங்க. அச்சுல வரட்டும், சாமுவேலு படிக்கட்டும், அப்புறம் போடறேன் கையெழுத்து."

ஏன் வாங்கவில்லை என்று அவர் என்னைக் கேட்கவில்லை. அவருக்குக் கேட்காமலே தெரிந்திருந்தது. பார்வை நேரம் முடிந்ததாகத் துளுக்காணம் மணி அடித்தார். நான் அந்த அப்பாக்களோடு வெளியே வந்தேன்.

திரும்பும் ரயில் எங்கும் நிற்காமல் ஓடியது. வேண்டுமென்றே செய்தது போலிருந்தது. யோசிக்கவும் தள்ளிப்போடவும் எனக்கு நேரம் தேவைப்பட்ட ஒரே பயணத்தில் அது சொன்ன நேரத்துக்குக் கொண்டுவந்து சேர்த்துவிட்டது. தங்கை மகன் நிலையத்துக்கு வந்து, போன காரியம் முடிந்ததா என்று கேட்டான். இன்னும் இல்லை என்றேன்.

எஸ்தர் சொன்னபடி ரயில், பஸ், நாஷ்டா எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். மீதி இதுதான்.

சாமுவேல், உங்கள் அக்கா போட்ட கணக்குச் சரி. தவறாகப் போட்டவன் நான். அவர் தாளை நீட்டினார். நான் வாங்கிப் பார்க்கவில்லை. எனக்குத் தெரிந்த குடும்பத்துப் பையன் ஒருவன் அதே தாளை நீட்டியிருந்தால் வாங்கிப் பார்த்திருப்பேன். கூலிக்கு மண்வெட்டி பிடித்தவரின் மகள் என்னைத் திருத்த முடியும் என்று நான் நம்பவில்லை. பிறகு உண்மை தெரிந்தும் பேசாமல் இருந்தேன். உங்கள் அப்பாவிடம் இதைச் சொல்ல எனக்கு வழியில்லை. அதனால் உங்களிடம் சொல்கிறேன்.